பொருளைக் கூட்டுவதா, விதியை மாற்றுவதா? ஈர்ப்பு விசையில் பிஎச்.டி. செய்ய எந்தப் பக்கம் போவது

அக்கா மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டாள், இயற்பியல் பிஎச்.டி.க்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்விலும் நல்ல ரேங்க், அடுத்து பிஎச்.டி. "மாமா, ஈர்ப்பு விசைன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா அதுக்குள்ள எந்தப் பக்கம் போறதுன்னுதான் தெரியல" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவன், ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் இருபது வருடமாக இந்த விஷயத்தை விடாமல் படித்து வருகிறேன், அந்தத் தைரியத்தில் வாயைக் கொடுத்துவிட்டேன். மூன்று ஞாயிறு பேசினோம். தேறியதை இங்கே எழுதிவைக்கிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம்.

முதலில் சிக்கல் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சூரியனைச் சுற்றும் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, பூமி 30, கடைசியில் இருக்கும் நெப்டியூன் வெறும் 5.4. தூரம் போகப் போக இழுப்பு குறையும், வேகமும் குறையும். நட்சத்திரக் கூட்டமான ஒரு கேலக்ஸியிலும் ஓரத்தில் இருப்பவை மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். 1970இல் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை அளந்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை, ஓரத்திலும் வேகம் விழாமல் அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெரியும் பொருளின் இழுப்பு மட்டும் இருந்தால் அந்த வேகத்துக்கு எல்லாம் சிதறிப் போயிருக்க வேண்டும். இதற்கும் முன்னால், 1933இலேயே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கேலக்ஸிக் கொத்தில் இதே கணக்கு உதைப்பதைக் கண்டு, தெரியாத பொருள் ஏதோ இருக்கிறது என்று எழுதினார், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணக்கு உதைத்தால் இரண்டு வழி உண்டு. நமக்குத் தெரியாத பொருள் (கரும்பொருள் என்று பெயர்) அங்கே இருக்கிறது என்று சொல்லலாம், அல்லது நாம் போட்ட விதி அங்கே செல்லாது என்று சொல்லலாம். "வெளி" என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதையே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று மூன்றாவதாக ஒன்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் அப்புறம் வருகிறேன்.

இந்த இரண்டு வழியையும் ஒரே மனிதர் நடந்து பார்த்திருக்கிறார். யுரேனஸ் கணக்குக்கு அடங்காமல் ஓடியபோது, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இழுக்கிறது என்று உர்பேன் லெ வெரியே காகிதத்திலேயே அதன் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பியதும், சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்துவிட்டது. தெரியாத பொருளைக் கூட்டியது, ஜெயித்தது. அதே லெ வெரியே 1859இல் புதனுக்கு வந்தார். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பும் அளவில் நூறு வருடத்துக்குச் சில பத்து வினாடிப் பாகைகள் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வினாடிப் பாகை) கணக்குக்கு மேல் நின்றன. இன்றைய மதிப்பு 43. இதற்கும் பழைய மருந்தையே எடுத்தார்: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள், பெயர் வல்கன். பார்த்துவிட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு, பிரான்ஸில் ஒரு கிராமத்து மருத்துவர் அவர்களில் ஒருவர். லெ வெரியே 1877இல் இறக்கும்வரை நம்பிக்கை போகவில்லை. வல்கன் மட்டும் கடைசிவரை வரவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் கணக்குப் போட்டார், புதிய கோள் எதுவும் இல்லாமலே அந்த 43 வந்து நின்றது. விதிதான் மாற வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப கேலக்ஸி யுரேனஸா, புதனா?"

அதுதான் கேள்வி, தொண்ணூறு வருடமாக அதற்குத்தான் பதில் இல்லை என்றேன். அடுத்த கேள்வி என்னைக் கொஞ்சம் உட்காரவைத்தது. "சரி மாமா, எது சரின்னு உங்களுக்கும் தெரியாது. எந்தப் பக்கம் போனா, நான் தப்பான பக்கம் போய்ட்டேன்னு அஞ்சு வருஷத்துக்குள்ள எனக்கே தெரியும்?" நான் கரும்பொருளா விதியா என்று உண்மையை நிறுத்துக்கொண்டிருந்தேன், அவள் தன் வயதை நிறுத்துக்கொண்டிருந்தாள். மாதம் 37 ஆயிரத்தில் தொடங்கும் உதவித்தொகையில் ஐந்து வருடம் போடப்போகிறவள் அவள், அதனால் அவள் தராசையே எடுத்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் அந்தத் தராசில் நிறுத்ததுதான்.

முதலில் கரும்பொருள். உண்மை எந்தப் பக்கம் என்று என்னை மட்டும் கேட்டால், பந்தயப் பணத்தைப் பெரும்பாலும் இங்கேதான் வைப்பேன். பிரபஞ்சத்துக்கு சுமார் 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது (நுண்ணலைப் பின்னணி என்பது இதுதான்), அதிலிருக்கும் ஏற்ற இறக்கங்களின் உயரத்தை விளக்க, ஒளியோடு ஒட்டாத ஒரு பொருள் தேவைப்படுகிறது. பிளாங்க் விண்கலம் சொன்ன கணக்கில் நாம் அறிந்த பொருள் 5 சதவீதம், கரும்பொருள் 27, மீதி, பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் கரும் ஆற்றல். அப்புறம் புல்லட் கொத்து. இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் மோதி ஒன்றையொன்று கடந்திருக்கின்றன, மோதலில் சூடான வாயு நடுவில் சிக்கிப் பின்தங்கிவிட்டது, கேலக்ஸிகள் முன்னே போய்விட்டன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே வளைகிறது என்று பார்த்தால், நிறை கேலக்ஸிகள் போன பக்கம் இருக்கிறது. 2006இல் இது வெளியானபோது பலரும் வழக்கு முடிந்தது என்றே எழுதினார்கள். வெறும் விதியை மாற்றி இதை விளக்குவது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் கரும்பொருள் இருக்கிறது என்று நம்புவது வேறு, அதைப் பிடிக்கப் போகும் கூட்டத்தில் சேர்வது வேறு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்குள் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் லக்ஸ்-செப்லின் என்று ஒரு கருவி, உள்ளே ஏழு டன் திரவ செனான், கரும்பொருள் துகள் ஒன்று வந்து ஒரே ஒரு செனான் அணுக்கருவைத் தட்டினாலும் தெரிந்துவிடும். 2024 ஆகஸ்டில் 280 நாள் தரவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் இருக்கும் கருவியிலும் அதே கதை. கருவிகள் இப்போது இருக்கும் துல்லியத்துக்குச் சூரியனிலிருந்து வரும், எதையும் ஏறக்குறைய தொடாமலே கடந்துபோகும் நியூட்ரினோ துகள்களே இரைச்சலாகக் கேட்க ஆரம்பித்துவிட்டன, இனி அந்த மூடுபனிக்குள்தான் தேட வேண்டும். பிடித்துவிட்டோம் என்று தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சொல்லிவரும் டாமா குழு ஒன்று உண்டு, அதே சோடியம் அயோடைடு படிகத்தை வைத்து கொரியாவிலும் ஸ்பெயினிலும் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கு அது தெரியவில்லை.

அவள் தராசில் இது இறங்கிப் போவது இங்கேதான். ஒரு துகள் கிடைக்கவில்லை என்றால் அது இன்னும் மெல்லத் தொடும் துகள் என்பார்கள். அங்கும் இல்லையென்றால் ஆக்சியான் என்று மிக லேசான வேறொரு துகள் என்பார்கள், அதுவும் இல்லையென்றால் பிரபஞ்சம் பிறந்த கையோடு உண்டான குட்டிக் கருந்துளைகள். ஒவ்வொன்றும் நியாயமான யோசனைதான், நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் வீட்டுக்குள் சாவி இல்லையென்றால் தெருவில், தெருவில் இல்லையென்றால் ஊரில் என்று தேடும் இடம் விரிந்துகொண்டே போகும்போது, சாவியே இல்லை என்று சொல்லும் நாள் எப்போது வரும்? வேலைக்கு இதுதான் பத்திரம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்கக் குழுக்கள் இருக்கின்றன. இந்தியாவில் ஜார்க்கண்ட் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறிய ஆய்வகம் உண்டு. நம் தேனியில் பொட்டிபுரம் மலைக்குள் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் வந்திருந்தால் கதையே வேறு, அது எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோனது, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. அக்கா நடுவில் போனை வாங்கி "எதுல வேலை கிடைக்கும்னு மட்டும் சொல்லுடா" என்றாள். இதில்தான் என்றேன்.

அடுத்தது மாண்ட் (MOND), அதாவது நியூட்டன் விதியையே திருத்தும் கோட்பாடு. இதைப் பற்றிப் பேசினால் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1983இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் மோர்டஹாய் மில்க்ரோம் ஒரு யோசனை சொன்னார்: கரும்பொருள் வேண்டாம், முடுக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் நியூட்டன் விதி மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு பூமியில் கல் விழும் முடுக்கத்தில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்கு. புரியும்படி சொன்னால், நின்றுகொண்டிருக்கும் ஒரு பொருளை அந்த முடுக்கத்தில் ஒரு வருடம் முழுக்கத் தள்ளினாலும் அதன் வேகம் நொடிக்கு நான்கு மில்லிமீட்டரைத் தொடாது, எறும்பு முந்திக்கொண்டு போய்விடும். அவ்வளவு மென்மையான இழுப்பை மட்டும் தனியே பிரித்துச் சோதனைச் சாலையில் பரிசோதிப்பது ரொம்பக் கஷ்டம். கேலக்ஸியின் ஓரத்தில் இருப்பதோ அந்த மாதிரி இழுப்புதான்.

இந்த ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மில்க்ரோம் முன்கூட்டியே சிலவற்றைச் சொன்னார். மங்கலாக, பொருள் பரவலாகக் கிடக்கும் கேலக்ஸிகளில் முரண்பாடு ரொம்பப் பெரிதாக இருக்கும் என்றார், பிறகு அளந்தபோது அப்படியே இருந்தது. அதை அளந்தவர்களில் ஒருவரான ஸ்டேசி மெக்காவ் கரும்பொருளை நம்பித்தான் வேலையைத் தொடங்கியிருந்தார். 2016இல் அவரும் லெல்லி, ஷோம்பெர்ட் இருவரும் 153 கேலக்ஸிகளை எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் கண்ணுக்குத் தெரியும் பொருள் எவ்வளவு இழுக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு இழுப்பு இருக்கிறது என்று வரைந்தார்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. கரும்பொருள்தான் ஆள்கிறது என்றால், ஒவ்வொரு கேலக்ஸியும் ஒவ்வொரு விதமாக மோதி, வளர்ந்து, நட்சத்திரம் வெடித்து, வாயுவை இழந்து வந்த பிறகும், தெரியும் பொருளைப் பார்த்தே மொத்த இழுப்பையும் சொல்லிவிட முடிகிறது என்பதற்கு அந்தப் பக்கம் நிறைய வேலை பார்க்க வேண்டும். பார்க்கிறார்கள். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒளியின் வேகத்தைப் பிரபஞ்சம் விரியும் வீதத்தால் பெருக்கினால் அதுவும் ஒரு முடுக்கம்தான், அதை ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட மில்க்ரோமின் எண் வருகிறது. தற்செயலா, இல்லையா?

சரி, அடியும் பலமாகத்தான் விழுந்திருக்கிறது. கேலக்ஸிக் கொத்துகளில் மாண்ட் போட்ட பிறகும் ஏறக்குறைய பாதி நிறை குறைகிறது, எந்தப் பொருள் வேண்டாம் என்றார்களோ அதையே கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியலோடு மாண்ட் ஒத்துப்போகும்படி யாக்கோப் பெக்கன்ஸ்டைன் 2004இல் கட்டிய கோட்பாட்டை 2017 ஆகஸ்ட் 17 முடித்துவைத்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி, அந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. இரண்டின் வேகமும் ஒன்றாக இருந்தாலொழிய இது நடக்காது, அவருடைய கோட்பாட்டில் இரண்டும் வேறு. எனக்கு இதில் வருத்தத்தைவிட மரியாதைதான் அதிகம். தன்னை எது கொல்லும் என்று தெரியும்படி நின்ற கோட்பாடு அது. 2021இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் நுண்ணலைப் பின்னணிக்கும் பொருந்தும் ஒரு புதிய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள், ஆனால் அதற்காக வெளியெங்கும் பரவியிருக்கும் கூடுதல் புலங்களைச் சேர்த்திருக்கிறார்கள், ஆரம்பகாலப் பிரபஞ்சத்தில் அவை தூசிபோலவே நடந்துகொள்ளும். தூசிபோல் நடந்துகொள்ளும் ஒரு புலத்துக்கும் கரும்பொருளுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள்.

நானே பல நாள் யோசித்த கேள்வி அது, கொஞ்சம் கற்பனை கலந்துதான் பதில் சொன்னேன். ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இடப்பக்கம் வெளியின் வளைவு, வலப்பக்கம் பொருள். 1917இல் அவர் ஒரு மாறிலியைச் சேர்த்தபோது இடப்பக்கம் எழுதினார், அங்கே அது வெளியின் குணம். அதையே இன்று பலரும் வலப்பக்கம் தள்ளி எழுதுகிறார்கள், அங்கே அது கரும் ஆற்றல், அதாவது ஒரு சரக்கு. எண் மாறவில்லை, கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் எழுதினோம் என்பது மட்டும்தான் மாறியது. பொருளைக் கூட்டுவதா விதியை மாற்றுவதா என்று நாம் அடித்துக்கொள்வதில் ஒரு பகுதி இப்படிப் பத்திச் சண்டையாக இருக்கலாம். முழுவதும் அப்படி இல்லை: சரக்கு என்றால் அது இங்கே அதிகம், அங்கே குறைவு என்று கிடக்க முடியும், கேலக்ஸியை விட்டுத் தனியே போகவும் முடியும். புல்லட் கொத்து அதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கூட்டம், ஈர்ப்பே அடிப்படை விசை இல்லை என்பவர்கள். சுக்குக் காபி சூடாக இருக்கிறது, ஆனால் அதிலிருக்கும் எந்தத் தனி மூலக்கூறுக்கும் சூடு என்று ஒன்று கிடையாது, கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து ஆடுவதற்கு நாம் வைத்த பெயர்தான் சூடு. வெளியும் ஈர்ப்பும் அப்படித்தான், அடியில் வேறு ஏதோ ஆடுகிறது என்கிறார்கள். எழுபதுகளில் அதே பெக்கன்ஸ்டைன்தான் கருந்துளையின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அதன் பரப்பளவைப் பொறுத்தது என்று சொல்லி இதற்கு விதை போட்டவர். 1995இல் டெட் ஜேக்கப்சன் வெப்ப இயக்கவியலிலிருந்தே ஐன்ஸ்டைன் சமன்பாட்டை வரவழைத்துக் காட்டினார். நம் நாட்டில் புனேயின் ஐயுகா வானியல் ஆய்வு மையத்தில் தாணு பத்மநாபன் இந்த வழியில் பல வருடம் ஆழமாக உழுதவர், 2021 செப்டம்பரில் திடீரென்று போய்விட்டார். 2016இல் எரிக் வெர்லிண்டே இதிலிருந்தே கேலக்ஸிச் சுழற்சிக்கும் விளக்கம் வருகிறது, கரும்பொருள் தேவையில்லை என்றார். அந்த வருடமே 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளைச் சுற்றி ஒளி வளைவதைப் பார்த்து, பொருந்துகிறது என்று ஒரு குழு சொன்னது. ஆனால் பிரபஞ்சம் முழுவதற்குமான கணக்கு, நுண்ணலைப் பின்னணி எல்லாம் அதில் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான், அவளுக்கு வேண்டாம் என்று சொன்னதும் இதைத்தான். ஐந்து வருடத்தில் தப்பு என்று தெரியாது, ஐம்பது வருடத்திலும் தெரியாமல் போகலாம். கணிதத்தில் அசாத்தியத் திறமை இருந்து, பதில் வராமலே உட்கார்ந்திருக்கும் பொறுமையும் இருந்தால் போகலாம்.

மேசை மேல் செய்யும் சோதனைகளும் உண்டு. 2021இல் வியன்னாவில் 90 மில்லிகிராம் தங்க உருண்டை ஒன்றின் இழுப்பையே அளந்துவிட்டார்கள். ஒரு நுண்துகளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அதன் ஈர்ப்பும் குவாண்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கலாம் என 2017இல் சுகாதோ போஸ் குழு ஒரு திட்டம் வைத்தது. அழகான திட்டம், ஆனால் அதற்கு வேண்டிய நிறை இன்று இரண்டு இடத்தில் நிறுத்த முடிகிற நிறையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம். கை வேலை தெரிந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இவள் வீட்டில் மிக்ஸி ஃபியூஸ் மாற்றவே என்னைக் கூப்பிடுகிறவள்.

அப்படியானால் எங்கே போவது? என் பதில் இரண்டு பக்கமும் இல்லாத ஒரு சந்து: அகன்ற இரட்டை நட்சத்திரங்கள். சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்திலிருந்து, பூமி–சூரியன் தூரத்தைப்போல் சுமார் 7,000 மடங்கு தள்ளிப் போனால், இழுப்பு மில்க்ரோமின் எல்லையைத் தொடுகிறது. அந்த அளவு இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகள் நம் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான வருடம், வேகம் நொடிக்கு அரை கிலோமீட்டர் அளவுதான். இதில் என்ன விசேஷம் என்றால், இவ்வளவு சிறிய இடத்தில் கரும்பொருள் இருந்தாலும் அதன் நிறை ஒன்றும் இல்லாதது மாதிரிதான், நியூட்டன் சொன்னதே நடக்க வேண்டும். மாண்ட் சரியென்றால் வேகம் சுமார் 20 சதவீதம் கூட வேண்டும். கேலக்ஸியில் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்ளும் இரண்டு கட்சியும் இங்கே நேருக்கு நேர் நிற்கின்றன.

2023இல், நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவை வைத்து கொரிய ஆய்வாளர் கியூ-ஹ்யூன் சே சுமார் 26 ஆயிரம் ஜோடிகளைப் பார்த்து, வேகம் கூடுகிறது, நியூட்டன் தோற்றார் என்றார். அதே வருடம் இந்திரனில் பானிக்கும் அவர் கூட்டாளிகளும் 8,611 ஜோடிகளைப் பார்த்து, கூடவே இல்லை, மாண்ட் தோற்றது என்றார்கள். பானிக் பல வருடம் மாண்டுக்காகவே உழைத்தவர் என்பதைக் கவனியுங்கள். ஒரே வானம், ஒரே விண்கலம், இரண்டு தீர்ப்பு. வித்தியாசம் எந்த ஜோடிகளைச் சேர்த்தார்கள், எவற்றைக் கழித்தார்கள் என்பதில் இருக்கிறது. ஜோடியில் ஒன்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மங்கிய நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் வேகத்தைக் கூட்டிக் காட்டும், அதை எப்படிக் கழிப்பது என்பதில்தான் சண்டை. கையாவின் நான்காவது தரவு வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது, அவள் படிப்பின் நடுவில் அது கைக்கு வந்துவிடும். தரவு எல்லோருக்கும் இலவசம், லேப்டாப்பும் கொஞ்சம் புள்ளியியலும் போதும், பெரிய குழுவில் முன்னூறாவது பெயராக நிற்க வேண்டியதில்லை. வேகம் கூடினாலும் தீசிஸ், கூடாவிட்டாலும் தீசிஸ். பிரகாசமான ஜோடிகளில் மூன்றாவது ஆளைத் தேடுவதற்கு, காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியின் நிறமாலைமானியில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி) நேரம் கேட்டு முயன்று பார்க்கலாம் என்றும் சொல்லிவைத்தேன்.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கேலக்ஸிகளைச் சுற்றி ஒளி வளைவதை ஆராயும் ஒரு வழிகாட்டியிடமும் பேசிவிட்டு வந்தாள், அதுவும் நல்ல வழிதான், இரண்டு கட்சிக்கும் பொதுவான தரவு. நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் ஷீட் வந்தது. நட்சத்திரப் பட்டியல், 41 ஜோடி, பிரகாசம், இடைவெளி, காவலூரிலிருந்து எந்த மாதம் தெரியும் என்பதுவரை. கீழே ஒரு வரி: "மாமா, இதுல எதெதுல மூணாவது ஆள் ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல பாக்கணும்."